கோலின் தலைக்கனம்

உடைத்தது நான்தான். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மேல்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. மேசைமேல் பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் போட்டியின் அரையிறுதியில் என் மனைவி ஜெயித்திருந்தாள். ஆட்டம் நடந்த ஹாலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, கடைசி ஆட்டத்தில் எதிராளி எந்தப் பந்தைத் தவறவிட்டார், அதை இவள் எப்படிப் பிடித்துக்கொண்டாள் என்று இரண்டு கைகளாலும் விவரித்துக்கொண்டிருந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டே காரின் பின்கதவை ஓங்கிச் சாத்தினேன். 'படக்'கென்று ஒரு சத்தம். கதவின் சத்தம் அப்படி இருக்காது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் கோல் இருந்த நீளமான துணிப்பை குறுக்காகக் கிடந்ததை நான் பார்க்கவில்லை.

பில்லியர்ட்ஸ் ஆடும் கோல் இரண்டு துண்டு. பிடித்துக்கொள்ளும் பக்கம் தடிமனாக இருக்கும். பந்தை அடிக்கும் பக்கம் மெலிந்துகொண்டே போய் நுனியில் ஒரு தோல் வில்லையோடு முடியும். நடுவில் பித்தளைத் திருகு. அந்த முன்பாதியை ஆட்டக்காரர்கள் ஷாஃப்ட் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு முன்கோல் என்று பெயர். பதினோரு வருஷமாக அவள் கையில் இருந்த முன்கோல் இப்போது இரண்டாக முறிந்து, நாலைந்து நாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். எதிராளி பல் டாக்டர். தொடர்ந்து மூன்று வருஷமாகக் கோப்பை அவர் வீட்டில்தான் இருக்கிறது. மூன்று முறையும் இறுதியில் தோற்றது என் மனைவி. அந்தக் கோலின் திருகு ஒரு விசித்திர அளவு. கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். செய்து கொடுக்க மூன்று வாரமாகும் என்றார்கள். ஹாலில் சும்மா சாத்தி வைத்திருக்கும் கோல்களோ, மேசைமேல் உருட்டினால் குதித்துக் குதித்து ஓடும் அளவுக்கு வளைந்தவை.

வேறு வழியில்லாமல் என் தங்கையைக் கூப்பிட்டேன்.

என் தங்கைக்குக் கடைசல் வேலை. மரச்சாமான் பட்டறை ஒன்றில் மேசைக்கால், மாடிப்படிக் கம்பம், நாற்காலி முதுகுக் குச்சி எல்லாம் கடைவாள். சுழலும் மரத்தில் உளியை வைத்தால் சுருள் சுருளாக உரித்தெடுப்பாள். வாயும் அதே மாதிரிதான். திங்கட்கிழமை வேலை முடிந்து தலையெல்லாம் மரத்தூளோடு வந்து நின்றாள்.

"எங்க பிணம்?" என்றாள்.

மனைவி சமையலறை மேசைமேல் இரண்டு துண்டையும் வைத்தாள். தங்கை அளவுகோலை எடுத்து நுனியின் விட்டம், நடுவின் விட்டம், திருகின் புரி எல்லாம் அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு இரண்டையும் மாவு நிறுக்கும் தராசில் வைத்தாள். நூற்று இருபத்தாறு கிராம்.

"இவ்வளவுதானா? அண்ணி, இதுக்கா ரெண்டு பேரும் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? நாளைக்குச் சாயங்காலம் கையில இருக்கும். இதைவிட நல்ல மரத்துல."

"நல்ல மரம்னா?"

"கருங்காலி. பட்டறையில ஒரு நீளத் துண்டு கெடக்கு. கல்லு மாதிரி இருக்கும். நல்ல கனம். கனமா இருந்தாத்தானே நல்லா அடிக்கும்? சுத்தியலைப் பாருங்க."

சுத்தியலைப் பார்த்தால் அது நியாயமாகத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை ஹாலில் நாங்கள் மூவரும் கூடினோம். கருங்காலி முன்கோல் கன்னங்கரேலென்று, எண்ணெய் பூசியது போல மின்னியது. கனம் நூற்று எண்பது கிராம். மனைவி அதைத் திருகி மாட்டி, கண்ணுக்கு நேரே பிடித்து நெளிவு இருக்கிறதா என்று பார்த்தாள். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து வில்லை பொருத்துவாள். அதனால் ஹாலில் அவளுக்கு 'கண்ணாடி' என்றே பெயர். எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

முதலில் பந்துகளைக் கட்டமாக அடுக்கி, வெள்ளைப் பந்தால் மோதிச் சிதறடித்தாள். ஆட்டக்காரர்கள் இதை உடைப்பது என்பார்கள். அடடா! துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஒன்பது பந்துகளும் மேசையின் நாலு மூலைக்கும் தெறித்து ஓடின. மூன்று பந்துகள் குழியில் விழுந்தன. தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். 'உடைக்கத்தான் தெரியும் உனக்கு, செய்யத் தெரியுமா?' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

நேராக அடித்த பந்துகளும் விழுந்தன. பிறகு மனைவி வெள்ளைப் பந்தின் வலது பக்கத்தில் குறி வைத்து, சுழலவிட்டு அடித்தாள். எதிரில் இருந்த பந்தை வெள்ளை தொடக்கூட இல்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும் தொடவில்லை. ஐந்து முறை அடித்தாள். பிறகு கோலை மேசைமேல் படுக்க வைத்தாள்.

"என்ன அண்ணி?"

"வெள்ளைப் பந்தோட வலப்பக்கம் அடிச்சா அது நேரா போகாது. கொஞ்சம் இடப்பக்கம் விலகி ஓடும். எல்லாக் கோல்லயும் அப்படித்தான். பழைய கோல்ல எவ்வளவு விலகும்னு என் கைக்குத் தெரியும், அதுக்குத் தகுந்த மாதிரி முன்னாடியே தள்ளிக் குறி வைப்பேன். இது அதைவிட ரொம்ப விலகுது. காட்டிக் கொடுக்குதுடி."

"கருங்காலில்ல? பேருக்கேத்த புத்தி," என்றேன் நான். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

தங்கையின் முகம் சிவந்திருந்தது. "ஏன் விலகுது?"

"அது அப்படித்தான்."

"அப்படித்தான்னா என்ன அர்த்தம்? மேசை ஆடுதுன்னு வர்றவங்ககிட்ட 'அது அப்படித்தான்'னு நான் சொன்னா பட்டறையை என்னைக்கோ இழுத்து மூடியிருப்பாங்க. ஏதோ ஒண்ணு இருக்கு. கண்டுபிடிக்காம நான் விடமாட்டேன்."

புதன்கிழமை எங்களுக்கு முன்பாகவே அவள் ஹாலில் வந்து காத்திருந்தாள். கையில் ஈயக்கம்பிச் சுருள் ஒன்று. தபால் கட்டுகளுக்குப் போடும் ரப்பர் வளையங்களை என் பையிலிருந்து கேட்காமலே எடுத்துக்கொண்டாள். நான் தபால்காரன், என்னிடம் அவற்றுக்குப் பஞ்சமில்லை. இருப்பதில் வளையாத ஹால் கோல் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். மேசையின் அந்தக் கோடியில் நான் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, பந்து வந்து படுகிற இடத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும். மனைவி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து, ஒரே வேகத்தில், வலப்பக்கச் சுழலோடு அடிக்க வேண்டும்.

வெறும் கோல்: நேர்கோட்டிலிருந்து நான்கு விரல் விலகல்.

தங்கை பதினைந்து கிராம் ஈயக்கம்பியைப் பிடிக்குப் பக்கத்தில் சுற்றி, ரப்பர் போட்டாள். நான்கு விரல்.

அதே கம்பியைக் கோலின் நடுவில் சுற்றினாள். அப்போதும் நான்கு விரல்.

நுனியிலிருந்து ஒரு கை அகலத்தில் சுற்றினாள். மனைவி குனிந்து அடித்தாள். வெள்ளைப் பந்து வந்து குஷனில், அதாவது மேசையின் ரப்பர் விளிம்பில், பட்ட இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"ஏழு!" என்று கத்தினேன். "ஏழு விரல்!"

"இன்னொரு தடவை," என்றாள் தங்கை.

ஏழு. மூன்றாவது தடவை ஆறரை. தங்கை ஈயக்கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தலைக்கனம்! அண்ணி, தலைக்கனம்! உங்க கோலுக்குத் தலைக்கனம் பிடிச்சிருக்கு, அதான் பந்தைத் தள்ளி விடுது! பின்னாடி எவ்வளவு கனம் இருந்தாலும் அதுக்குக் கவலையே இல்ல. நுனியில இருக்கற கனம் மட்டும்தான்!"

"அது எப்படி?" என்றேன். "முழுக் கோலும்தானே அடிக்குது?"

"நுனி பந்தைத் தொட்டுக்கிட்டு இருக்கறது எவ்வளவு நேரம்? கண்ணை மூடித் திறக்கறதுல நூத்துல ஒரு பங்குகூட இருக்காது. 'தொட்டாச்சு'ன்னு நுனி பின்னாடி சேதி அனுப்புது. அந்தச் சேதி பிடிக்கு வந்து சேர்றதுக்குள்ள பந்து கிளம்பிப் போயிடுது. உன் தபால் மாதிரிதான் அண்ணா. கல்யாணம் முடிஞ்சு பத்திரிகை வரும்ல?"

அந்த ஏச்சை அன்று நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். பக்கவாட்டில் அடிக்கும்போது பந்தும் நுனியும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. நுனி கனமாக இருந்தால் அது நகராது, பந்துதான் நகரும். நுனி லேசாக இருந்தால் அது விட்டுக்கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும், பந்து தன் வழியில் போகும். தங்கை கையில் இரண்டு பந்துகளை வைத்துக்கொண்டு எங்களுக்கு இதை விளக்கியபோது, பதினோரு வருஷமாக ஆடுகிற என் மனைவி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நுனியை லேசாக்கினா?" என்றாள் மெல்ல.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

வியாழக்கிழமை மதியம் கடிதப் பையைக் காலி செய்துவிட்டு நான் பட்டறைக்கே போய்விட்டேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. தங்கை பரண்மேலிருந்து மேப்பிள் மரச் சட்டங்களை இறக்கி வைத்திருந்தாள். வெளிறிய வெண்ணெய் நிறம். மூன்று வருஷம் அங்கேயே கிடந்து நன்றாகக் காய்ந்தவை. ஒவ்வொன்றின் ரேகையையும் விரலால் தடவிப் பார்த்தாள். ரேகை பக்கவாட்டில் ஓடியிருந்தால் ஒதுக்கினாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கோடு போட்டது போல ரேகை ஓடிய நான்கு சட்டங்கள் மிஞ்சின. அவற்றை ஒவ்வொன்றாக நூலில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினாள். மூன்று 'டொக்' என்றன. ஒன்று மட்டும் 'டிங்' என்று கொஞ்ச நேரம் ஒலித்து அடங்கியது.

"இதுதான்," என்றாள்.

நேற்றே பாதி கடைந்துவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். ஒரே மூச்சில் கடைந்தால் மரம் கோபித்துக்கொண்டு வளைந்துவிடும் என்றாள். கொஞ்சம் கடைவாள், தொங்கவிடுவாள், வேறு வேலையைப் பார்ப்பாள், திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் கடைவாள். முன்கோலின் நுனி பதின்மூன்று மில்லிமீட்டரிலிருந்து பன்னிரண்டாக இறங்கியது. பிறகு அதுவரை யாரும் செய்து நான் பார்க்காத ஒன்றைச் செய்தாள். நீளமான துளைக்குச்சியை மாட்டி, நுனியிலிருந்து உள்நோக்கி, மரத்தின் நடுவே ஒரு சாண் ஆழத்துக்குத் துளை போட்டாள். மூச்சே விடவில்லை அவள். நானும் விடவில்லை. குச்சி ஓர் இழை விலகினாலும் பக்கவாட்டில் பொத்துக்கொண்டு வந்துவிடும்.

வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தராசில் வைத்தோம். நூற்றியொரு கிராம்.

ஹாலில் காகிதப் பட்டையை ஒட்டிவிட்டு நான் அந்தக் கோடியில் குந்தினேன். மனைவி அடித்தாள். சத்தம்கூட வேறு மாதிரி இருந்தது. மென்மையாக, உள்ளுக்குள் ஒலிப்பது போல. பந்து என்னை நோக்கி வந்தது. வந்துகொண்டே இருந்தது. விலகவே இல்லையோ என்று தோன்றியது.

"எவ்வளவு?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஒரு விரல்! ஒரே ஒரு விரல்தான்!"

அண்ணியும் நாத்தனாரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்ததை ஹாலே பார்த்தது. எங்கள் கல்யாணத்தில்கூட இவர்கள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் குதூகலம் பத்து நிமிஷம்தான் நீடித்தது. பிறகு மனைவி நிஜமாகப் பந்துகளை அடுக்கி ஆடத் தொடங்கினாள். சுழல் கொடுத்து அடித்த பத்து பந்துகளில் ஒன்று விழுந்தது. அடுத்த பத்தில் ஒன்றுகூட இல்லை. குழியின் உதட்டில் பட்டுப் பட்டுத் திரும்பின. ஆட்டம் பழகாத ஆள் மாதிரி இருந்தாள்.

"கோல் சரியில்லையா?" என்றேன்.

தங்கை மேசையைச் சுற்றி வந்து, அவள் அடிக்கும்போது பின்னால் நின்று பார்த்தாள். மூன்று முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணி, பந்து நீங்க சொல்ற இடத்துக்குத்தான் போகுது. நீங்கதான் அதுக்குப் பொய் சொல்றீங்க."

விஷயம் அதுதான். பதினோரு வருஷமாகப் பழைய கோல் இடப்பக்கம் ஓடும், ஓடும் என்று எதிர்பார்த்து வலப்பக்கம் தள்ளியே குறி வைத்த கை. இப்போது பந்து ஓடவில்லை. கை மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தது.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "கடையில புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு எழுந்திருக்கறவங்க எல்லாரும் 'தரை மேல வருதும்மா, படி ஆழமா தெரியுதும்மா'ம்பாங்க. 'கண்ணாடி சரியாத்தான் இருக்கு, கழட்டாம போடுங்க, கண்ணு பழகிக்கும்'னு சொல்லி அனுப்புவேன். எவ்வளவு சுலபமா சொல்லியிருக்கேன் பாரு."

"எத்தனை நாள்ல பழகும்பீங்க?"

"ஒரு வாரம்."

எங்களிடம் இருந்தது ஒரு நாள்.

சனிக்கிழமை கடைக்கு லீவு போட்டாள். காலையிலிருந்து மாலை வரை அடித்தாள். குழியில் விழுந்த பந்துகளை எடுத்து எடுத்து வைத்து எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. மாலையில் பத்துக்கு ஆறு என்ற நிலைக்கு வந்தாள். பத்துக்கு ஆறை வைத்துக்கொண்டு பல் டாக்டரை ஜெயிக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து டாக்டரே வந்தார். கோல் உடைந்த கதையை அவரும் கேள்விப்பட்டிருந்தார். கையில் அவருடைய இரண்டாவது கோல். "கண்ணாடி, இதை எடுத்துக்கங்க. உங்க பழைய கோல் மாதிரியேதான் இருக்கும். உங்ககிட்ட ஜெயிச்சா சுத்தமா ஜெயிக்கணும். கோல் உடைஞ்சதால ஜெயிச்சான்னு பேர் வேண்டாம்."

நல்ல மனுஷன். மனைவி அதை வாங்கி இரண்டு பந்து அடித்தாள். இரண்டும் விழுந்தன. பழைய கை, பழைய கோல். தங்கை தரையில் கிடந்த சாக்பீஸ் துண்டு ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டு நின்றாள்.

மனைவி கோலைத் துடைத்து டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள். "ரொம்ப நன்றி டாக்டர். நான் இதுலயே ஆடறேன்."

காரில் வரும்போது, "ஏன் வேண்டாம்னே?" என்று கேட்டேன்.

"இந்தப் புதுக் கோல்ல ஆறு பந்து விழுந்ததில்ல? அந்த ஆறும் நான் நேரா பார்த்து நேரா அடிச்சது. கூட்டல் கழித்தல் ஒண்ணும் இல்ல. பார்த்த இடத்துக்குப் போச்சுங்க. பதினோரு வருஷத்துல அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவிச்சதே இல்ல. இனிமே பழசுக்கு என்னால திரும்பிப் போக முடியாது. தோத்தாலும் பரவாயில்ல."

பின்சீட்டில் தங்கை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிறு மூன்று மணி. நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். ஆட்டம் ஒன்பது பந்து. மேசையில் இருப்பதில் சின்ன எண்ணுள்ள பந்தைத்தான் முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தைக் குழியில் போட்டவருக்கு அந்த ஆட்டம். முதலில் ஏழு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை. மாறி மாறி உடைக்க வேண்டும். தன் முறை வரும்போதெல்லாம் மனைவி கருங்காலியைத் திருகி மாட்டினாள். உடைப்பதற்குச் சுழல் தேவையில்லை, நேரடி. அதற்குக் கனம் நல்லது என்று கண்டிருந்தோம். உடைத்தவுடன் கழற்றிவிட்டு மேப்பிளை மாட்டுவாள். கூட்டம் இதை வேடிக்கை பார்த்தது.

வேடிக்கை பார்த்ததோடு சரி. நாற்பது நிமிஷத்தில் டாக்டர் ஐந்து, மனைவி ஒன்று.

பயம் வந்ததும் கை பழைய பாட்டையே பாடியது. சுழல் கொடுத்து அடித்த பந்துகள் குழியின் ஓரம், குழியின் ஓரம் என்று முட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு தவறுக்கும் டாக்டர் அமைதியாக எழுந்து வந்து மிச்சத்தைத் துடைத்துவிட்டுப் போனார். தங்கை என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் இரத்தம் நின்றுவிட்டது.

ஐந்து நிமிஷ இடைவேளை. மனைவி எங்களை நோக்கி வந்தாள். டாக்டரின் கோலைக் கேட்டு வாங்கச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கிட்டே வந்ததும் பார்த்தால் அவள் கண் மின்னுகிறது.

"ஏய், நான் தவறவிட்டது எத்தனை?" என்று தங்கையிடம் கேட்டாள்.

"எட்டு அண்ணி."

"எட்டும் எந்தப் பக்கம்?"

தங்கை ஒரு நொடி யோசித்தாள். "வலப்பக்கம் சுழல் கொடுத்ததுல எல்லாம் வெள்ளை வலப்பக்கம் தள்ளிப் போச்சு. இடப்பக்கம் கொடுத்ததெல்லாம் இடப்பக்கம்."

"எவ்வளவு தூரம்?"

"எல்லாமே ஒரே... எல்லாமே ஒரே அளவு!"

"அதான்! கோல் மேல தப்புன்னா பந்து அங்கயும் போகும், இங்கயும் போகும். எட்டும் ஒரே மாதிரி போச்சுன்னா கோல் நேர்மையா நடக்குது. தப்பு என் பேர்ல. என் தப்புன்னா நான் திருத்திக்கலாம்ல?" தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் தங்கையைப் பார்த்தேன். "இவ என்ன சொல்லிட்டுப் போறா?"

"வாயை மூடிக்கிட்டு ஆட்டத்தைப் பாருண்ணா!"

பார்த்தேன். முதல் சுழல் பந்து. குனிந்தவள் உடனே அடிக்கவில்லை. கோலின் பின்கை மெதுவாக, ஒரு விரல் அளவு, உள்ளே நகர்வதைப் பார்த்தேன். அடித்தாள். பந்து குழியின் நட்டநடுவில் போய் விழுந்தது. விளிம்பைத் தொடவே இல்லை.

"ஹா!" என்றாள் தங்கை.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். அந்த ஆட்டம் அவளுக்கு. அடுத்த ஆட்டத்தில் கருங்காலியால் உடைத்தபோது ஒன்பதாம் பந்தே நேராகக் குழிக்குள் ஓடி, ஒரே அடியில் ஆட்டம் முடிந்தது. கூரை பிய்ந்துகொள்ளும் அளவுக்குச் சத்தம். ஐந்துக்கு மூன்று. ஐந்துக்கு நான்கு. டாக்டர் முதல் தடவையாகச் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். ஐந்துக்கு ஐந்து! எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஆறுக்கு ஐந்து என்று மனைவி முந்தியபோது, முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவரும் என்னைக் கட்டிக்கொண்டார்.

டாக்டர் என்றால் டாக்டர்தான். அடுத்த ஆட்டத்தில் மேசைக்கு வந்தவர் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒரே மூச்சில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஆறுக்கு ஆறு.

கடைசி ஆட்டம். டாக்டர் ஆறு பந்துகளைப் போட்டார். ஏழாம் பந்துக்கு அவருக்கு வழி சரியாக அமையவில்லை. துணிந்து அடிக்காமல், வெள்ளைப் பந்தை மேசையின் இந்தக் கோடிக்கு அனுப்பி ஒளித்து வைப்பது போல வைத்துவிட்டார். ஏழு அந்தக் கோடி மூலையில். இடையில் மேசை முழுவதும் வெறும் பச்சைத் துணி. எட்டாம் பந்தோ இந்தக் கோடியில். ஏழைப் போட்டுவிட்டு, வெள்ளை மூன்று குஷன்களில் பட்டுச் சுற்றிக்கொண்டு எட்டுக்குப் பக்கத்தில் திரும்பி வரவேண்டும். அதற்கு வலப்பக்கச் சுழல் வேண்டும். அதுவும் கொஞ்சநஞ்சம் அல்ல, பந்தின் ஓரத்திலேயே அடிக்க வேண்டும். தூரம் கூடக்கூட விலகலும் கூடும். பழைய கோலாக இருந்தால் ஒரு பந்து அகலம் தள்ளிக் குறி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பாள்.

அவள் நுனியில் சாக்பீஸ் தடவினாள். ஹாலில் காற்றாடிச் சத்தம் மட்டும். குனிந்தாள். எழுந்தாள். மறுபடி குனிந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

நேராகக் குறி வைத்திருந்தாள். என் இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

தங்கை முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள். "சொல்லுண்ணா, என்ன நடக்குதுன்னு சொல்லு!"

"அடிக்கப் போறா... அடிச்சிட்டா... போகுது... போகுது..."

வெள்ளை, மேசையின் முழு நீளத்துக்கும் நூல் பிடித்தது போல ஓடியது. ஏழு குழிக்குள் மறைந்தது. விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை, கூட்டம் அப்படிக் கத்தியது. வெள்ளை முதல் குஷனில் பட்டுச் சுழலைப் பிடித்துக்கொண்டு வேகமெடுத்தது. இரண்டாவது குஷன். மூன்றாவது. திரும்பி வந்து, தளர்ந்து, எட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"நின்னுடுச்சுடி! பக்கத்துலயே நின்னுடுச்சு!"

எட்டு சுலபம். போட்டாள். ஒன்பதும் சுலபம்தான், கையால் உருட்டினாலே விழும். ஆனால் அவள் இந்தத் தடவை எழுந்து பார்க்காமல் உடனே குனிந்துவிட்டாள். அடித்தாள். ஒன்பது குழியின் ஒரு உதட்டில் இடித்து, மறு உதட்டில் இடித்து, நின்று யோசிப்பது போல ஒரு கணம் அசைந்து, உள்ளே விழுந்தது.

அதன்பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. மனைவி ஓடி வந்தது என்னிடம் இல்லை, தங்கையிடம். இரண்டு பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள். நான் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளப் பார்த்து, இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தேன்.

டாக்டர் வந்து மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மேசைமேல் கிடந்த கோலைத் தூக்கினார். நுனிப் பக்கத்தை இரண்டு விரலில் நிறுத்திக் கனம் பார்த்தார். அவர் புருவம் மேலே ஏறியது.

"இதை யாரு செஞ்சது?"

"நான்தான் டாக்டர்," என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "உள்ள ஒரு சாணுக்குத் துளை போட்டிருக்கேன்."

"துளையா?" டாக்டர் சிறு பிள்ளை மாதிரி கோலைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். "ஒரே ஒரு அடி அடிச்சுப் பார்க்கட்டுமா?"

வலப்பக்கச் சுழலோடு அடித்தார். முப்பது வருஷம் ஆடிய மனிதர். பந்து குழியில் விழாமல் ஓரத்தில் போய் முட்டியது. ஹாலே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அவர்தான். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடினார். சுவரோடு நின்ற கூட்டம் மேசையை நெருக்கிக்கொண்டு வந்தது. ஆளாளுக்கு 'எனக்கு ஒரு அடி' என்றார்கள். யாரோ காகிதப் பட்டை ஒட்டினார்கள். யாரோ என் தங்கையிடம் ஈயக்கம்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அவள் இரண்டு பந்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்காலிமேல் ஏறி நின்று, நுனியின் சேதி பிடிக்கு வந்து சேரும் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். என் மனைவி அவளுக்குக் கீழே நின்று, "அந்தக் கருங்காலியையும் சொல்லு, அதையும் சொல்லு" என்று எடுத்துக் கொடுத்தாள்.

ஹால்காரர் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கடைசியில் என் தோளைத் தட்டினார்.

"சார், யாராவது ஒருத்தர் இதை வாங்கிக்கிறீங்களா? கை வலிக்குது."